கோபத்தை வாசலில் விட்டுவிட்டு ஆலயத்துக்குள் வர வேண்டியதில்லை

கேள்வியின் சாரம் இது: "2019-இல் இலங்கையில் நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் எங்கள் உறவினர் ஒருவரை இழந்தோம். ஆண்டுகள் கடந்தும் கோபம் தணியவில்லை. செய்தவர்கள் மீதும், தகவல் கிடைத்தும் தடுக்காத அதிகாரிகள் மீதும், சில நாட்களில் கடவுள் மீதும் கோபம் வருகிறது. சபையில் 'மன்னித்துவிடுங்கள்' என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். கோபம் பாவமா? இந்த நிலையில் திருவிருந்தில் பங்குபெறலாமா?"

கோபம் வருவது பாவமல்ல. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று எபேசு சபைக்கு எழுதும்போது, விசுவாசிகளுக்குக் கோபம் வரும் என்பதைப் பவுல் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார். அந்தக் கோபம் யார் மேல் போய் இறங்குகிறது, என்ன செய்துவிட்டு அடங்குகிறது என்பதே அவருடைய கவலை. மாற்கு சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவே கோபத்துடன் சுற்றிலும் பார்க்கிறார். ஜெப ஆலயத்தில் கை சூம்பிய ஒரு மனிதன் நிற்கிறான். ஓய்வுநாளில் அவனைக் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். நன்மை செய்வது நியாயமா என்று அவர் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய இருதயக் கடினத்தைக் கண்டு அவர் விசனப்பட்டார் என்றும் அதே வசனம் சொல்கிறது. அதன்பின் அவர் செய்தது ஒன்றே: அந்த மனிதனிடம் கையை நீட்டச் சொன்னார், கை சொஸ்தமாயிற்று. சூழ்ச்சி செய்தவர்கள் மீது ஒரு விரல்கூடப் படவில்லை. துக்கத்தோடு சேர்ந்து வந்த அந்தக் கோபம், பாதிக்கப்பட்டவனின் பக்கம் போய் வேலை செய்தது. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாமல் இருப்பதும் குறையாக இருக்கலாம் என்று 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் வாதிட்டதற்கும் இத்தகைய பின்னணி உண்டு. அநியாயத்தைப் பார்த்தும் எதுவும் உறைக்காத மனதைத் திருச்சபை ஒருபோதும் பரிசுத்தம் என்று அழைத்ததில்லை.

இதற்கு எதிராக எல்லோரும் எடுத்துக் காட்டுவது யாக்கோபின் நிருபம்: "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே." உண்மைதான், அதை நீர்த்துப்போகச் செய்யக் கூடாது. ஆனால் இதே யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் நிலச்சுவான்தார்களைப் பார்த்து என்ன பேசுகிறார் என்பதையும் வாசிக்க வேண்டும். வயல்களை அறுத்த வேலைக்காரர்களுடைய கூலியை நீங்கள் பிடித்துவைத்திருக்கிறீர்கள், அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் விழுந்திருக்கிறது என்கிறார். இது அமைதியான குரல் அல்ல. கோபிக்கிறதற்குத் தாமதமாயிருங்கள் என்று சொன்ன அதே மனிதர், கூலி மறுக்கப்பட்டவர்களிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. முதலாவது வசனத்தை மட்டும் சுவரில் எழுதிவிட்டு மற்றதை மறந்துபோகிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. வசதியுள்ளவர்களுக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

உங்களிடம் "மன்னித்துவிடுங்கள்" என்று சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். துக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாததால் வருகிற சொல் அது. யோபுவின் நண்பர்கள் மூவரும் தொடக்கத்தில் சரியாகவே நடந்துகொண்டார்கள்: அவனுடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது, தம்மோடு வழக்காடிய யோபுவின் மேல் அல்ல, தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களின் மேல். என் அடியானாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களுக்குத் தீர்ப்பு சொல்லப்படுகிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கோபத்தை அது இருக்கிற உருவத்திலேயே கடவுளிடம் பேசுவது. இதற்கான மொழியை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 109-ஆம் சங்கீதம் அதற்கும் மேலே போய், தனக்குத் துரோகம் செய்தவனின் நாட்கள் கொஞ்சமாகட்டும், அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களாகட்டும் என்று சபிக்கிறது. 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை யாரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கொடுப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1970-களின் தொடக்கத்தில் தன் திருப்புகழ்மாலையை (குருக்களும் துறவிகளும் நாள்தோறும் சங்கீதங்களைச் சொல்லி ஜெபிக்கும் நூல்) சீரமைத்தபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் முழுவதுமாக நீக்கிவிட்டது. சீர்திருத்த சபைகளும் அவற்றைச் சத்தமாக வாசிப்பது அரிது. பொது ஆராதனையில் அவை ஏற்படுத்தக்கூடிய தவறான புரிதலை நினைத்து எடுத்த முடிவு அது, காரணம் புரிகிறது. ஆனாலும் பழிவாங்கத் துடிக்கிற மனிதன் தன் வார்த்தைகளை வேதத்திலேயே காண்கிற வாய்ப்பு அதனால் குறைந்துபோயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சங்கீதங்களில் நடப்பதைக் கவனியுங்கள். சபிக்கிறவன் கையில் ஆயுதம் இல்லை. தன் எதிராளிக்கு என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறானோ அத்தனையும் ஒளிக்காமல் கடவுளிடம் சொல்கிறான். சொல்லிவிட்டு, அதைச் செய்வதா வேண்டாமா என்பதை அவரிடம் விட்டுவிடுகிறான். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்ற வாக்கைக் காட்டி, நீங்கள் பழிவாங்காமல் கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள் என்று ரோமருக்குப் பவுல் எழுதுவதும் இதையே. பழி என்கிற ஒரு பொருள் இல்லவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை வைத்திருக்க வேண்டியவர் நாம் அல்ல என்கிறார். எனவே ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு 109-ஐ உரக்க வாசியுங்கள். அதன்பின் உங்களுடைய சொந்த முறையீட்டை ஒரு தாளில் எழுதுங்கள்: யார், என்ன செய்தார்கள், எதை இழந்தேன், அவர்களுக்கு என்ன நேர வேண்டும் என்று விரும்புகிறேன், உம்மிடம் என்ன கேட்கிறேன். முடிவில் நம்பிக்கை வரி ஒன்றை எழுத வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. 88-ஆம் சங்கீதம் அந்தகாரம் என்ற இடத்திலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான்.

இனி, உங்கள் கேள்வி எழுந்த இடத்துக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21 காலையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்றின் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோன் தேவாலய முற்றத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடிந்து இடைவேளையில் நின்ற சிறுவர்கள். இவ்வளவு பெரிய காயத்தின் மீது இரண்டு விதமான கோபங்கள் எழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

ஒன்று, கைக்கு எட்டியவர்கள் மீது பாய்ந்த கோபம். நீர்கொழும்பில் அப்போது பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் நூற்றுக்கணக்கில் வாடகை வீடுகளில் இருந்தார்கள். பெரும்பாலானோர் இஸ்லாத்தின் சிறுபான்மைப் பிரிவுகளில் ஒன்றான அஹ்மதியா பிரிவினர், சொந்த நாட்டில் தீவிரவாதிகளின் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர்கள். குண்டு வைத்தவர்களின் சிந்தனையால் முதலில் அடிபட்டவர்களே அவர்கள்தான் என்று சொல்லலாம். தாக்குதல் நடந்து சில நாட்களுக்குள் அவர்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டு, பள்ளிவாசலிலும் வேறு இடங்களிலும் தஞ்சம் புக வேண்டி வந்தது. மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் கும்பல்களால் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். குண்டுதாரிகளின் தலைவனைப் பற்றி அதற்கு முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தவர்கள் முஸ்லிம்களே என்பது அந்தக் கும்பல்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அந்தக் கும்பல்களில் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்ல, பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களே அல்ல. ஆயினும் நமக்குள்ளும் அந்த நாட்களில் "அவர்களுக்கு இது வேண்டும்" என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை.

மற்றது, பொறுப்பாளியைத் தேடிப் போன கோபம். கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை முதல் நாள் தொடங்கி, யாரும் சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்று கத்தோலிக்கரை அடக்கினார். திருப்பலிகள் நிறுத்தப்பட்டிருந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டார்கள். 2020 உயிர்ப்புப் பெருவிழாவின்போது, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். விசாரணை இழுபட்டபோது 2021 மார்ச் 7-ஐக் கறுப்பு ஞாயிறாக அனுசரிக்கச் சொன்னார். மக்கள் கறுப்பு உடையில் திருப்பலிக்கு வந்தார்கள், ஆலய வளாகங்களில் பதாகை பிடித்து நின்றார்கள். தேர்த் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வெள்ளை உடுத்திப் போகிற நம் வழக்கத்தில், கோபத்தை உடுத்திக்கொண்டு பீடத்தின் முன் நின்ற ஞாயிறு அது. 2022 ஏப்ரலில் தப்பியவர்களையும் உறவுகளை இழந்தவர்களையும் அழைத்துக்கொண்டு உரோமைக்குப் போய்த் திருத்தந்தை பிரான்சிஸைச் சந்தித்தார்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் குருக்களும் சட்டத்தரணிகளும் தொடுத்த அடிப்படை உரிமை மனுக்களில் 2023 ஜனவரி 12 அன்று இலங்கையின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4 முதலே எச்சரிக்கை வந்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாயும், அன்றைய பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவரும் தலா 7.5 கோடி ரூபாயும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. பணம் ஒரு பிள்ளையைத் திருப்பித் தராது. யார் பின்னால் இருந்தார்கள் என்ற கேள்விக்கும் அந்தத் தீர்ப்பு முழு விடை தரவில்லை. ஆனால் கடையை எரித்த கோபத்தால் சாதிக்க முடியாத ஒன்றை, மனுவில் கையெழுத்திட்டு ஏறத்தாழ நாலு ஆண்டுகள் காத்திருந்த கோபம் சாதித்தது: நாட்டின் முதல் மனிதராக இருந்தவரைப் பொறுப்பாளி என்று எழுத்தில் சொல்ல வைத்தது.

மன்னிப்பையும் நீதியையும் இரண்டில் ஒன்று என்று எண்ணிக் குழம்ப வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். மன்னிப்பது என்றால் பழியை என் கையிலிருந்து இறக்கி வைப்பது. உண்மையைக் கேட்பதும், குற்றவாளி நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்பதும், இன்னொரு குடும்பத்துக்கு இது நேரக் கூடாது என்று போராடுவதும் அப்படியே உங்கள் உரிமையாக இருக்கும். சொல்லப்போனால் பழியுணர்ச்சி இறங்கிய பிறகே அவற்றை நெடுநாள் செய்யத் தெம்பு வரும். தாக்கியவர்கள் இறந்துவிட்டார்கள், அவர்களோடு ஒப்புரவாவதற்கு வழியே இல்லை. தவறை ஒப்புக்கொள்ளாத அதிகாரிகளோடு ஒப்புரவு என்பதும் பொய்யாகத்தான் முடியும். சிலுவையில் இயேசு "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று வேண்டிக்கொண்டார். நான் மன்னித்தேன் என்று சொல்ல வாய் வராத நாட்களில், அந்த வேண்டுதலின் பின்னால் நின்றுகொண்டு, "பிதாவே, நீர் மன்னிக்க வேண்டுமானால் மன்னியும், என்னால் இன்னும் முடியவில்லை" என்று ஜெபிப்பது நேர்மையான ஜெபம். இழப்பைச் சந்திக்காத மூன்றாம் மனிதர் எவருக்கும் அதற்குத் தவணை குறிக்கிற அதிகாரம் இல்லை.

வீட்டுக்குள் நடப்பது வேறு. அங்கே நான் இவ்வளவு இளக்கமாகப் பேச மாட்டேன். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் சினம் காப்பவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குகிறார். அமைச்சரிடம் உங்கள் கோபம் செல்லாது, எட்டு வயதுப் பிள்ளையிடம் செல்லும். நீர்கொழும்பில் அகதிகளுக்கு நடந்ததன் சிறிய வடிவமே, சாப்பாட்டு மேசையில் தண்ணீர் கொட்டிய பிள்ளைக்கு விழுகிற அடி. குற்றம் செய்தவன் வேறெங்கோ இருக்கிறான். கிட்ட இருப்பவன் வாங்கிக்கொள்கிறான். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற வசனத்தை 2019-இன் துக்கத்துக்குப் பொருத்திப் பார்த்து, ஒரு நாளில் தீரவில்லையே என்று கலங்க வேண்டாம்; அன்றன்றைக்கு வீட்டில் நடந்த சண்டைக்குப் பொருத்துங்கள். பிள்ளையிடம் கத்திய நாளில், அது தூங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்மேல் தப்பில்லை, அப்பாவுக்கு வேறு கோபம், உன்னிடம் காட்டியது பிழை" என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். நீளமாக விளக்கினால் பிள்ளைக்குப் பாரமாகிவிடும். ஏப்ரல் நெருங்கும்போது கைபேசியில் அந்த நாளின் காணொளிகள் மறுபடி சுற்றத் தொடங்கும். இரவில் அவற்றைத் திறக்காதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிற மதவெறிச் செய்திகளை அனுப்பாதீர்கள்.

நாலாம் நூற்றாண்டில் எகிப்திய வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, கோபத்தைப் பற்றி நுட்பமாக எழுதியவர். ஜெபிக்க உட்காரும்போது நமக்குத் தீங்கு செய்தவரின் முகத்தை மனக்கண்ணின் முன் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அதன் வேலை என்கிறார். உங்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் சொல்லும் மருந்துகளில் ஒன்று, சங்கீதம் பாடுவது. இன்னொன்று, மனக்கசப்பு உள்ளவருக்கு ஒரு அன்பளிப்பு கொடுப்பது, பழைய ஏற்பாட்டு யாக்கோபு தன் அண்ணன் ஏசாவை அப்படித்தான் தணித்தார். நம்மைப் போன்ற ஏழைகள் அதற்குப் பதிலாகச் சாப்பிட அழைக்கலாம் என்று அவர் சேர்த்துக்கொள்கிறார். குண்டு வைத்தவனுக்கு இது பொருந்தாது. ஆனால் அந்த ஏப்ரலுக்குப் பிறகு நீங்கள் பேச்சை நிறுத்திக்கொண்ட முஸ்லிம் அயலவரோ கடைக்காரரோ இருந்தால், அவருக்குப் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தூக்கம் வராமல் போவது, பட்டாசுச் சத்தத்துக்கு உடல் பதறுவது, கை நீட்டிவிடுவது, குடியை நாடுவது ஆகியவை இருந்தால் அது ஜெபக் குறைவினால் வந்ததல்ல. அதிர்ச்சி உடலில் தங்கியிருக்கிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அரச மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். வீட்டில் ஒருவர் கையால் இன்னொருவர் அடிபடுகிற நிலை என்றால், அடிபடுகிறவரைப் பொறுத்துப்போகச் சொல்வது ஆலோசனையே அல்ல. பெண்களுக்கான 1938 என்ற எண்ணையும் பொலிஸையும் நாடுவது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல.

கடவுள் மீதான கோபத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. அழியும் என்று தான் அறிவித்த நினிவே நகரம் தப்பித்துவிட்டதே என்று யோனா கடவுளிடமே கோபித்துக்கொண்டான். "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று அவர் கேட்கிறார், அவனைத் தள்ளிவிடவில்லை, வெயிலில் உட்கார்ந்தவனுக்கு ஆமணக்குச் செடியை நிழலாக முளைக்கச் செய்கிறார், மறுநாள் அதை வாடவும் விடுகிறார். கடைசிக் கேள்விக்கு யோனா என்ன பதில் சொன்னான் என்று அந்தப் புத்தகம் சொல்வதில்லை. பேச்சு முறியவில்லை, அவ்வளவுதான் தெரிகிறது.

திருவிருந்து பற்றி. நீங்கள் அஞ்சுவது கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை நினைத்து. அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுகிறவனைப் பற்றிய எச்சரிக்கை அங்கே இருக்கிறது. அந்த எச்சரிக்கை எதற்காக எழுந்தது என்பதைச் சற்று முன்னே வாசித்தால் தெரியும்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தினார்கள். காயம்பட்டு, இன்னும் மன்னிக்க முடியாமல் அழுகிறவரைத் தடுப்பதற்காக எழுதப்பட்டதல்ல அது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் இயேசு சொல்வதும், உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால் என்றுதான் தொடங்குகிறது. அதாவது உங்களால் புண்பட்டவர் யார் என்று பாருங்கள் என்கிறது. உங்கள் விஷயத்தில் அவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள், சனிக்கிழமை இரவே அதை முடித்துவிடலாம்.

தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் அமைத்த திருவிருந்து முறைமையில், சமாதானம் கைமாறுகிற ஒரு பகுதி உண்டு: குருவானவரிடமிருந்து தொடங்கி ஒருவர் உள்ளங்கையை மற்றவர் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து, வரிசை வரிசையாகச் சபை முழுவதற்கும் சமாதானம் கடத்தப்படும். பிற சபைகளிலும் இதன் ஏதோ ஒரு வடிவம் உண்டு. அதில் சமாதானம் நமக்குள்ளே ஊறி வரும் வரை யாரும் காத்திருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். எனவே போங்கள். இந்த வாரமே உங்கள் போதகரைச் சந்தித்து, நீங்கள் எனக்கு எழுதியதையே அவரிடமும் சொல்லுங்கள், அறிவுரை வேண்டாம், கேட்டால் போதும் என்றும் சொல்லிவிடுங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டால் அந்த வரியைச் சபை சொல்லட்டும், நீங்கள் அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம்.